புளிக்க வைக்கும் கலம்

பனைமரத்தில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் இறங்குவது கள். மரமும் ஒன்றே, பாளையும் ஒன்றே, ஊறும் சாறும் ஒன்றே. வேற்றுமை கலத்தில் இருக்கிறது. புளிப்பைத் தடுப்பதும் வளர்ப்பதும் கலத்தின் கையில் உள்ளன என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அவ்வறிவு நம் வீடுகளிலிருந்து மெல்ல நழுவி வருகிறதோ என்னும் ஐயமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

புளிக்க வைத்தல் நமக்குப் புதிதன்று. இட்லி மாவு, தயிர், பழைய சோறு, ஊறுகாய் ஆகியவை இல்லாத இல்லம் இல்லை. பாவுக்காகக் காய்ச்சிய கஞ்சி மிகுந்துவிட்டால் மறுநாள் புளித்து நுரைப்பதை நெசவாள அங்கத்தினர் ஒவ்வொருவரும் கண்டிருப்பர். விவசாய அங்கத்தினர் தோட்டத்து மூலையில் பஞ்சகவ்வியம் ஊற வைக்கின்றனர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவையும் சர்க்கரையையும் உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் கெடுதல் செய்யும் பல கிருமிகளை அடக்கி நமக்கு நன்மை செய்கிறது. ஆனால் அதே அமிலம் தன்னைத் தாங்கி நிற்கும் கலத்தையும் அரிக்கிறது. கலத்தில் உள்ளது எதுவோ அது சிறிது சிறிதாக உணவில் இறங்குகிறது.

இதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தில் டெவன் என்னும் பகுதியில் ஆப்பிள் பழச்சாற்றைப் புளிக்க வைத்துப் பருகிய மக்கள் கொடிய வயிற்று வலியாலும் கைகால் வாதத்தாலும் நெடுங்காலம் வருந்தினர். பழத்தின் புளிப்பே காரணம் என்று பலர் எண்ணினர். 1767ஆம் ஆண்டில் ஜார்ஜ் பேக்கர் என்னும் மருத்துவர் உண்மையை வெளியிட்டார். பழம் பிழியும் ஆலைகளில் காரீயம் பயன்பட்டிருந்தது. சாற்றின் புளிப்பு அதைக் கரைத்துக்கொண்டு வந்தது. குற்றம் பழத்தினுடையதன்று, கலத்தினுடையது.

நம் நாட்டிலும் இவ்விஷயத்தில் சட்டம் வாளாவிருக்கவில்லை. 1955ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடை விதிகளிலேயே துருப்பிடித்த பாத்திரமும், எனாமல் உதிர்ந்து துருவேறிய பாத்திரமும், சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் உணவுக்கு உதவாதவை என்று கூறப்பட்டிருந்தது. அவ்விதிகளின் இடத்தில் இன்று 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நிற்கிறது. சட்டம் மாறினும் செம்பும் புளிப்பும் மாறிவிடவில்லை.

சென்ற கோடையில் பூவிருந்தவல்லிக்கு அப்பால் ஒரு சிற்றூருக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவரின் மனைவியார் இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறார். தறி வருமானம் குறைந்த காலத்தில் அக்குடும்பத்தைத் தாங்கியது அம்மாவு வியாபாரமே. வீட்டின் பின்கட்டில் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றில் மாவு பொங்கி நின்றது.

“அம்மா, இந்தப் பீப்பாயை எங்கே வாங்கினீர்கள்?” என்று கேட்டேன்.

“பழைய சாமான் கடையிலேதான் ஐயா. புதுசு வாங்க நமக்குக் கட்டுப்படியாவாதுங்க. ஏழெட்டு வாட்டி சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்.”

“இதற்கு முன் இதில் என்ன இருந்தது?”

அந்த அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. “அது தெரியலீங்களே ஐயா” என்றார்.

அம்பத்தூர், ஆவடி வட்டாரம் தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதி. காலிப் பீப்பாய்களுக்கு இங்கே பஞ்சமில்லை. சாயம், அமிலம், கரைப்பான், பூச்சிமருந்து என்று எதைச் சுமந்து வந்த பீப்பாயும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பிளாஸ்டிக்கின் இயல்பு வேறு. பல இரசாயனங்கள் அதன் மேற்பரப்பில் ஒட்டுவதோடு நில்லாமல் உள்ளேயும் ஊறிவிடும். சோப்பும் வெந்நீரும் மேற்பரப்பைத்தான் கழுவும். ஊறியிருப்பது பின்னர் நாள்தோறும் உணவில் கசியும். மணம் இல்லை என்பதால் நஞ்சு இல்லை என்று கொள்ளலாகாது.

அவ்வம்மையார் அன்றைய மாவைக் கீழே கொட்டினார். பல வீடுகளின் காலை உணவு அது. அவருக்கு அது நட்டமே. ஆயினும் அவர் தயங்கவில்லை. சங்கத்தில் சிறு கடன் பெற்று இரண்டு பெரிய எவர்சில்வர் அடுக்குகளை வாங்கினார். வியாபாரம் தொடர்ந்து நடைபெறுகிறது.

எந்தக் கலம் எதற்கு ஏற்றது என்பதை இங்கே சுருக்கமாகக் கூறுகிறேன்.

மாவுக்கும் தயிருக்கும் எவர்சில்வர் சிறந்தது. மாவு பொங்கி இரு மடங்காகும் ஆதலால் பாதிக்கு மேல் நிரப்பலாகாது. ஊறுகாயில் புளிப்போடு உப்பும் சேர்ந்திருக்கிறது. உப்பு நாளடைவில் எவர்சில்வரிலும் புள்ளி விழச் செய்யும். ஆகவே ஊறுகாய்க்குக் கண்ணாடியும் பீங்கான் ஜாடியுமே தக்கவை. ஜாடியின் உட்புறம் வெள்ளையாகவும் வழவழப்பாகவும் வெடிப்பின்றியும் இருக்க வேண்டும். அழகுக்காக விற்கும் வண்ண மெருகிட்ட மண்ஜாடிகளின் மெருகில் காரீயம் கலந்திருக்கக்கூடும். அவற்றில் பூக்களை வைக்கலாம், உணவை வைக்கலாகாது.

மெருகிடாத மண்பானை பழைய சோற்றுக்கும் தயிருக்கும் நல்லது. புதுப்பானையை நீரில் ஊற வைத்துக் கஞ்சி காய்ச்சிப் பழக்கிய பின்னரே உபயோகிக்க வேண்டும். அதன் நுண்ணிய துளைகளில் பழைய உணவு தங்கும் ஆதலால் நன்கு கழுவி வெயிலில் உலர்த்துதல் அவசியம். விரிசல் கண்ட பானையை விலக்கிவிட வேண்டும்.

அலுமினியத்தில் புளித்த பொருளை இரவு முழுவதும் வைத்தல் தகாது. செம்பிலும் பித்தளையிலும் புளிப்புப் பட்டால் பச்சைக் களிம்பு பூக்கும். ஈயம் பூசிய பித்தளையாயினும் பூச்சுத் தேய்ந்தவுடன் மறுபடி பூச வேண்டும். பூசுபவர் வெள்ளீயத்தையே பூசுகிறாரா, காரீயம் கலக்கிறாரா என்று கேட்டறிய வேண்டும்.

பிளாஸ்டிக் வாங்குவதாயின் புதியதை வாங்குக. கோப்பையும் முட்கரண்டியும் கொண்ட சின்னம் உணவுக்கு உரியது என்பதைக் குறிக்கும். முக்கோணத்துக்குள் காணும் எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டுமே கூறும். அக்கலம் முன்பு எதைச் சுமந்தது என்பதைக் கூறாது.

மூடியைப் பற்றியும் ஒரு சொல். புளிக்கும் பொருளிலிருந்து கரியமில வாயு எழும். கண்ணாடிப் புட்டியை இறுக மூடினால் புட்டி வெடித்துக் கண்ணையும் கையையும் காயப்படுத்தும். தளர்வாக மூடுக, அல்லது துணி கட்டுக.

விவசாய அன்பர்களுக்கு: பஞ்சகவ்வியத்துக்கு வாயகன்ற மண்பானை, சிமெண்டுத் தொட்டி, பிளாஸ்டிக் பீப்பாய் ஆகியவை ஏற்றவை. உலோகக் கலம் ஆகாது. அதற்குப் பயன்பட்ட பீப்பாய் தோட்டத்திலேயே இருக்கட்டும்; அடுக்களைக்குள் வர வேண்டாம். பூச்சிமருந்து டப்பாவைத் துளையிட்டு ஒழித்துவிட வேண்டும். அதில் மோர் கொண்டு செல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

இறுதியாக ஒரு வினா. “நல்ல கலத்தில் வடித்தால் சாராயமும் கெடுதல் இல்லையே?” என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வீட்டில் சாராயம் காய்ச்சுவது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்று முதலில் கூறினேன். பின்பு வேறொன்றையும் நினைவூட்டினேன். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணம், சித்தாமூர் பகுதிகளில் 20க்கும் மேற்பட்டோரும், 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். உயிரைப் பறித்தது மெத்தனால் என்னும் தொழிற்சாலைப் பொருள். பார்வைக்கும் மணத்துக்கும் அது வேறுபாடு காட்டாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒன்றை நம்பி வாயில் வைத்தவர்கள் அவர்கள். பழைய பீப்பாயை வாங்குபவரும் அதே இருட்டில்தான் கை நீட்டுகிறார்.

1904ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் சிலர் ஒன்றுகூடி நல்ல மளிகையை நியாய விலையில் பெறக் கூட்டுறவுப் பண்டகசாலை கண்டனர். அவ்வழி நமக்கும் திறந்தே இருக்கிறது. தனி ஒருவருக்கு விலை எட்டாத நல்ல கலங்களைச் சங்கம் மொத்தமாக வாங்கித் தவணையில் கொடுக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை கடையில் ஒரு கலத்தைக் கையில் எடுத்தால், விலையைக் கேட்பதற்கு முன், “இதில் முன்பு என்ன இருந்தது?” என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் கலத்தைக் கீழே வைத்துவிடுங்கள்.