ஓர் ஏரியும் இரண்டு சர்க்கார்களும்

வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த ஊசுட்டேரிக்கு நீர் ஒன்றே. எஜமானர் மட்டும் இருவர். ஏறக்குறைய 800 ஹெக்டேர் பரப்பில் பாதி புதுச்சேரிக்கு. மற்றது விழுப்புரம் ஜில்லாவுக்கு. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நம் மண்ணைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட காலத்தின் எல்லை இது. 1954 நவம்பர் முதல் தேதியன்று பிரெஞ்சு நிர்வாகம் நீங்கிற்று, கோடு நீங்கவில்லை.

கூழைக்கடாவுக்கு இக்கோடு தெரியாது. உலக அளவில் அபாயத்தை நெருங்கிய இனமென்று கணிக்கப்பட்ட அப்பறவை இக்கரையில் மீன்பிடித்து அக்கரை மரத்தில் தங்குகிறது. மாரிக்காலத்தில் வடதேசங்களிலிருந்து ஊசிவால் வாத்தும் பிறவும் வந்து சேருகின்றன. புதுச்சேரிப் பகுதி 2008-ல் பறவைச் சரணாலயமாயிற்று. தமிழ்நாட்டுப் பகுதிக்கு அப்பெயர் கிடைக்க மேலும் சில ஆண்டுகள் சென்றன. அதுவரை ஒரே ஏரியின் ஒரு பாதி சரணாலயம், மறு பாதி வெறும் ஏரி! இவ்விசித்திரத்தை என்னென்பது?

சரணாலயம் என்றதும் ஆயக்கட்டு விவசாயிகள் சிலர் அஞ்சுகின்றனர்: தங்கள் பாசன உரிமை பறிபோகுமோவென்று. இந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் நத்தைகுத்தி நாரையைக் கவனியுங்கள். மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும் அதன் அலகு, வயல் நத்தையைப் பற்றிச் சதையை உருவி எடுப்பதற்கென்றே அமைந்தது. நாற்றைக் கடிக்கும் நத்தையைக் கூலியின்றி ஒழிக்கும் வேலையாளை எந்த மிராசுதார் வேண்டாமென்பார்? செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கல் குடியானவர்கள் இதை நன்கறிந்திருந்தனர். பறவையெச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவென்று கண்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் முறையிட்டு வேட்டையைத் தடுத்தார்கள். அவ்வுரிமை 1858-ல் புதுப்பிக்கப்பட்டது. அங்கே பறவையைக் காத்தவர் உழவரே.

தென்பெண்ணை நீரைப் பங்காரு வாய்க்கால் வழியே பெறும் பாகூர் ஏரியின் கதையும் வேறன்று. வாய்க்கால் தூர்ந்தால் நெல்லும் இல்லை, நாரையும் இல்லை. கரையோரத்தை மனைக்கட்டுகளாக்க நினைப்போர் இவ்விரண்டுக்கும் பொதுச் சத்துருக்கள்.

இரு சர்க்கார்களும் ஊசுட்டேரி முழுவதையும் ஒரே நாளில் கூடி அளந்து எல்லைக்கல் நாட்டட்டும். ஆக்கிரமிப்பு எக்கரையிலிருப்பினும் அகற்றட்டும். நீர் எப்பொழுது திறப்பது, எவ்வளவு நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் சபையில் ஆயக்கட்டுதாரருக்கும் மீன்பிடிப்போருக்கும் இடமளிக்கட்டும். கோடை வருமுன் இது நடக்கவேண்டுமென்று கோருகிறோம்.