லாக் புக் பக்கா... ஆனா, டிரைவர் தூங்கி 28 மணி நேரமாச்சு! - லாரி விபத்து வழக்குகளில் உண்மையைத் தேடும் நிபுணர்கள்

2014, ஜூன் 7. நள்ளிரவு தாண்டி ஒரு மணி ஆகப்போகிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி டர்ன்பைக் நெடுஞ்சாலையில் சாலைப்பணி நடந்ததால், வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. டெலவேரில் ஒரு காமெடி ஷோவை முடித்துவிட்டு, நடிகர் டிரேசி மோர்கனும் நண்பர்களும் லிமோ வேனில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த வால்மார்ட் லாரி, வேன் மீது மோதியது. மோர்கனின் நண்பரான காமெடிக் கலைஞர் ஒருவர் இறந்துபோனார். மோர்கனுக்குக் கால் எலும்பு முறிந்தது, மூளையிலும் பலத்த காயம்.

'டிரைவர் டூட்டி நேரத்தை மீறி ஓட்டியிருப்பார்'னுதானே நினைக்கிறீங்க? இல்லை. அங்கேதான் ட்விஸ்ட்.

கணக்கு சரிதான்... ஆனா?

அமெரிக்காவில் சரக்கு லாரி டிரைவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு எடுத்த பிறகுதான் டூட்டியைத் தொடங்கணும். தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 11 மணி நேரம் வண்டி ஓட்டலாம்.

விபத்து நடந்தபோது அந்த டிரைவர் டூட்டியில் இருந்தது 13 மணி 32 நிமிடம். வண்டி ஓட்டியது 9 மணி 37 நிமிடம். ரெண்டுமே வரம்புக்குள்தான்.

ஆனால், அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தோண்டியபோது வேறு கதை வந்தது. டூட்டிக்கு முன்பே, ஜார்ஜியாவில் உள்ள வீட்டிலிருந்து டெலவேருக்குச் சொந்த வாகனத்தில் சுமார் 12 மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறார். வேலைக்கு வரும் பயணம் டூட்டி கணக்கில் வராது. மொத்தம் 28 மணி நேரம் தூக்கமில்லை. அந்த இடத்தில் வேக வரம்பு 45 மைல், அதாவது சுமார் 72 கிலோமீட்டர். லாரி வந்தது 65 மைல் வேகத்தில். எச்சரிக்கைப் பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைத்திருந்தால், மோதுவதற்கு முன்பே லாரியை நிறுத்தியிருக்கலாம் என்றது வாரியம்.

24 மணி நேரம் கண் விழித்திருந்தால், ரத்தத்தில் 0.10 சதவிகிதம் ஆல்கஹால் இருப்பதற்குச் சமமான தடுமாற்றம் வரும் என்கிறது அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. லாரி டிரைவர்களுக்கு அங்கே அனுமதிக்கப்பட்ட வரம்பே 0.04தான்.

நிபுணர் என்ன செய்வார்?

இந்த மாதிரி வழக்குகளில் வக்கீல்கள் தேடிப்போவது, லாரித் தொழிலையும் அதன் விதிகளையும் கரைச்சுக் குடிச்ச நிபுணர்களை. பெரிய பட்டம் இருக்கணும்னு கட்டாயமில்லை. அறிவு, திறமை, அனுபவம், பயிற்சி, கல்வி... இதில் எதன் அடிப்படையிலும் ஒருவர் நிபுணராகச் சாட்சி சொல்லலாம் என்கிறது அமெரிக்க ஃபெடரல் சாட்சிய விதி 702. அதனால், பல வருஷம் ஸ்டீயரிங் பிடிச்ச முன்னாள் டிரைவர்கூட சாட்சிக் கூண்டில் ஏறலாம். ஆனால், அவர் சொல்லும் முறை நம்பகமானதா என்று நீதிபதி முதலில் வடிகட்டுவார்.

அவர் முதலில் கேட்பது டூட்டி நேரப் பதிவு. 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான லாரிகளில் இதற்கென மின்னணுக் கருவி கட்டாயம். அதை டீசல் பில், டோல் ரசீது, போன் பதிவுகளோடு ஒப்பிடுவார். 'ஓய்வில் இருந்தேன்' என்று பதிவு சொல்லும் நேரத்தில், டோல்கேட்டைத் தாண்டிய ரசீது இருந்தால் குட்டு உடைஞ்சிடும்.

அடுத்து, இன்ஜின் கம்ப்யூட்டர். கடைசி நொடிகளில் எவ்வளவு வேகம், பிரேக் எப்போது மிதிக்கப்பட்டது என்பது பல லாரிகளில் பதிவாகியிருக்கும். பிறகு, டிரைவரைப் பற்றிய ஃபைல். லைசென்ஸ் சரியா, மருத்துவச் சான்று இருக்கா, பழைய விபத்துகளைக் கம்பெனி விசாரிச்சதா? கடைசியாக, வண்டிப் பராமரிப்புப் பதிவுகள். 'பிரேக் சரியில்லை' என்று டிரைவர் எழுதிக் கொடுத்தும் வண்டியை அனுப்பியிருந்தால், கேள்வி கம்பெனி பக்கம் திரும்பும்.

இதில் நேரம் ரொம்ப முக்கியம். டூட்டி பதிவுகளை கம்பெனிகள் 6 மாதம் வரை வைத்திருந்தால் போதும். அதனால்தான், 'எதையும் அழிக்காதீங்க' என்று வக்கீல்கள் உடனே நோட்டீஸ் அனுப்பிவிடுவார்கள்.

யார் மேல தப்பு?

மோர்கன் விபத்து மாதிரி, நேரக் கணக்கு சரியா இருக்கும்போது என்ன செய்வது? அதற்கும் ஒரு விதி உண்டு. களைப்பால் கவனம் குறைந்திருந்தால், அல்லது குறைய வாய்ப்பிருந்தால், டிரைவர் வண்டியை எடுக்கவே கூடாது. கம்பெனியும் அனுமதிக்கக் கூடாது. இதன்படி, 14 மணி நேரம் என்பது வெறும் மேல் வரம்பு. 'இன்னும் 28 நிமிஷம் பாக்கி இருக்கே' என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை.

டிரைவர் அவ்வளவு தூரத்திலிருந்து வருவது கம்பெனிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மோர்கன் தரப்பின் வாதம். 2015 மே மாதம் வழக்கு சமரசத்தில் முடிந்தது. தொகை வெளியிடப்படவில்லை.

நிபுணர்கள் பாதிக்கப்பட்டவருக்காக மட்டும் வருவதில்லை. கம்பெனி தரப்பிலும் வருவார்கள். டிரைவர் எல்லாத்தையும் சரியா செய்திருந்தால், அதைக் காட்டுவதும் இதே பதிவுகள்தான். தீர்ப்பு சொல்வது அவர்கள் வேலை இல்லை. 'பொறுப்பான டிரைவர் இந்த இடத்தில் என்ன செய்திருப்பார், இங்கே என்ன நடந்தது' என்று விளக்குவதோடு சரி. மீதியை ஜூரி பார்த்துக்கொள்ளும்.

ஒரு விஷயம் மட்டும் நமக்கும் பொருந்தும். அந்த வேனில் பின்னால் இருந்தவர்கள் சீட் பெல்ட் போடாததும் காயங்களை மோசமாக்கியது என்றது அதே வாரியம். அடுத்த முறை நைட் டிராவல் கிளம்பும்போது, ஸ்டீயரிங் பிடிப்பவரிடம் 'கடைசியா எப்போ தூங்கினீங்க?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பின் சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட்டைப் போடுங்க!