மொட்டை வரை காத்திருக்காதீர்கள்

திருத்தணி மலையில் முதல் மொட்டை போட்டு, சந்தனம் காயாத தலையோடு குழந்தையை டாக்டர்களான எங்களிடம் தூக்கி வருகிறார்கள். முடி இறங்கிய பிறகுதான் தலை பெரிதாக இருப்பதே கண்ணில் பட்டதாம். நெற்றி புடைத்திருக்கும், கருவிழி கீழிமைக்குள் பாதி இறங்கியிருக்கும். சட்டையைத் தூக்கினால் முதுகில் தையல் தழும்பு. "அது பிறந்தப்பவே ஆபரேஷன் ஆயிடுச்சு சார், இது வேற" என்பார்கள். வேறு இல்லை.

முதுகு தைத்ததோடு முடியவில்லை

முதுகெலும்பு மூடாமல் பிறக்கும் குழந்தைகள் பலருக்கு மூளைநீர் வடியும் வழியும் அடைபடுகிறது. முதுகைத் தைத்த அடுத்த சில வாரங்களில்தான் தலை வேகமாகப் பெரிதாகும். அப்போது குழந்தை ஊரில் இருக்கிறது, அளக்க ஆளில்லை.

கிரகணமும் விளக்கெண்ணெயும்

கிரகணத்தன்று தாய் காய் நறுக்கியதால் வந்ததல்ல இது. பெரிய தலை அறிவாளிக்கு அடையாளமும் அல்ல. உச்சிக்குழியில் விளக்கெண்ணெய் வைத்தால் நீர் வற்றாது. தலையை உருட்டிப் பிடித்தால் அழுத்தம் குறையாது. முதுகுக் கட்டியில் மஞ்சளும் பச்சிலையும் அப்பினால் கிருமி நேராக மூளைக்காய்ச்சலில் கொண்டுபோய் விடும். குழந்தை வாந்தி எடுத்தால் மெடிக்கலில் சிரப் கேட்டு வாங்குவதை என்னவென்று சொல்ல? அந்த வாந்தி வயிற்றிலிருந்து வருவதல்ல. 1949-லேயே நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறை தொடங்கிய வேலூருக்கு வங்காளத்திலிருந்து ரயிலேறி வருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் நாம் மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம்.

ஸ்கேன்

உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்ட். தேவைப்பட்டால் மூளைநீரின் ஓட்டத்தையே காட்டும் எம்.ஆர்.ஐ. இதில் கதிர்வீச்சு இல்லை. பச்சிளங்குழந்தை என்றால் பாலூட்டித் துணியில் சுற்றித் தூங்கவைத்தே பெரும்பாலும் எடுத்துவிடலாம். அடைப்பு எங்கே என்று தெரிந்தால் நீரை வடிக்கும் ஷன்ட் குழாயா, எண்டோஸ்கோப்பியா என்று முடிவு செய்யலாம். ஷன்ட் வைத்த குழந்தைக்குக் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் அன்றைக்கே வாருங்கள்.

கல்யாணத்துக்கு முன்பே

கருவுற்ற நான்கு வாரத்துக்குள் சிசுவின் முதுகுத்தண்டு மூடிவிட வேண்டும். அப்போது பல பெண்களுக்குக் கர்ப்பம் என்பதே தெரியாது. தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தாவது வேண்டும். ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தாலோ, தாய் வலிப்பு மாத்திரை சாப்பிட்டாலோ அளவு மாறும். டாக்டரைக் கேளுங்கள், வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இப்படி ஒரு குழந்தை பெற்ற தாய்க்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் அடுத்த குழந்தைக்கு இந்த முதுகெலும்புக் குறை வருவது ஏறக்குறைய 72 சதவீதம் குறைகிறது என்று 1991-லேயே நிரூபித்துவிட்டார்கள். அம்மாக்களே, மாமியார்களே, கெஞ்சிக் கேட்கிறேன்: முகூர்த்தப் புடவை எடுக்கப் போகும் அன்றே பெண்ணை டாக்டரிடம் காட்டி இந்த மாத்திரையையும் வாங்கிவிடுங்கள். விலை, பூக்காரியிடம் பேரம் பேசும் காசுதான்.