சாப்பாட்டு மேசையில் சூடும் உப்பும்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் செய்த வெள்ளித் தேநீர்க் கெண்டிகள் பலவற்றில் கைப்பிடி மட்டும் மரம். பின்னாளில் கைப்பிடியையும் வெள்ளியிலேயே செய்தபோது, அது கெண்டியோடு சேரும் மேலும் கீழுமான இரண்டு இடங்களில் தந்த வில்லை ஒன்றைச் செருகினார்கள். பார்ப்பவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள்; உண்மையில் அது சூடு கைக்கு ஏறாமல் தடுக்க. உலோகங்களில் சூட்டை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி; பீங்கானைப்போல் இருநூறு மடங்குக்கும் மேல். வெள்ளி டம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் காபி ஊற்றி உதட்டில் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கெண்டி வெள்ளியாக இருந்தாலும் கோப்பை பீங்கானாகவே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பீங்கானின் ரகசியம் வெகுகாலம் சீனாவிடமும் அதன் அண்டை நாடுகளிடமுமே இருந்தது. தங்கம் செய்யத் தெரியும் என்று பெருமையடித்து, சாக்சனி ஆட்சியாளர் அகஸ்டஸிடம் சிறைப்பட்ட யோஹான் பிரீட்ரிஷ் பெட்கர், அறிஞர் சிர்ன்ஹவுஸின் துணையோடு அதைக் கண்டுபிடித்தார். தங்கம் வரவில்லை, ஆனால் 1710இல் மைசன் தொழிற்சாலை வந்தது. கயோலின் என்னும் வெண்களிமண் உருவத்தைத் தாங்கிப் பிடிக்க, கூடச் சேர்த்த கனிமம் சுமார் 1,400 டிகிரி செல்சியஸில் உருகிக் கண்ணாடியாகி இடுக்குகளை நிரப்பும். வெளிச்சத்தில் பிடித்தால் தட்டுக்குப் பின்னால் விரல் நிழலாடுவது அதனால்தான்.

வடிவமைப்பவருக்குத் தொல்லை தொடங்குவதும் இந்தச் சூட்டில்தான். சூளையில் பீங்கான் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். 25 சென்டிமீட்டர் தட்டு வேண்டுமென்றால் அச்சு 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அந்த வெப்பத்தில் மண் இளகுவதால், விளிம்பு அகன்றால் தொய்ந்துபோகும். மைசனின் சிற்பி கேண்ட்லர் 1737 முதல் 1742 வரை அமைச்சர் புரூலுக்காகச் செய்த அன்னப் பறவைப் பாத்திரத் தொகுதியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள். தட்டுகளில் அன்னங்கள் நீரில் மிதப்பது மெல்லிய புடைப்பாகவே தெரியும். இத்தனையும் ஒரே தொகுதியாகப் பொருந்தும்படி சுடுவது, என்னைக் கேட்டால், அந்த அன்னங்களைவிடப் பெரிய கலை. நல்ல தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள்: அடிவளையத்தின் முனை மட்டும் மெருகில்லாமல் சொரசொரப்பாக இருக்கும். அங்கேயும் மெருகு பூசியிருந்தால், உருகிச் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

வெள்ளிக்குச் சூளைக் கவலை இல்லை. தட்டத் தட்ட இறுகும். காய்ச்சினால் மீண்டும் இளகும். சுத்த வெள்ளி மென்மையானது என்பதால் 92.5 சதவீதம் வெள்ளியோடு மீதிக்குப் பெரும்பாலும் செம்பு சேர்ப்பார்கள். அதன் எதிரி சாப்பாடுதான். அவித்த முட்டையிலுள்ள கந்தகம் கரண்டியைக் கறுக்க வைக்கும். ஆகவே முட்டைக்குக் கொம்பு, எலும்புக் கரண்டிகள். உப்பு இன்னும் மோசம்: ஈரம் பட்டால் அதிலுள்ள குளோரைடு வெள்ளியை அரித்துக் குழி விழச் செய்யும். உப்புக் கிண்ணத்தின் உட்புறத்துக்கு மட்டும் தங்க முலாம் பூசினார்கள், இல்லாவிட்டால் நீலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை உள்ளே வைத்தார்கள். முலாம் தேய்ந்த கிண்ணமென்றால், விருந்து முடிந்த கையோடு உப்பைக் கொட்டிக் கழுவித் துடைத்துவிட வேண்டும்.