ஒரு நாள் ரயில் பாதை: சூட்சுமம் இணைப்பில் இருக்கிறது

கடந்த ஆண்டு எங்கள் பள்ளியின் அறிவியல் வாரத்தில் இரண்டாம் படிவ மாணவர்கள் மாதிரி ரயில் பாதை ஒன்றை அமைத்தார்கள். மண்டபத்தில் மூன்று மேசைகளை நீளவாக்கில் சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஏறக்குறைய 11 மீட்டர் சுற்றளவுள்ள நீள்வட்டப் பாதை. காலை 8 மணிக்குத்தான் மண்டபம் கிடைத்தது. பிற்பகல் 2 மணிக்குக் காலி செய்து கொடுக்க வேண்டும். 9 மணிக்கு ரயில் புறப்பட்டது. முதல் மேசையில் நன்றாக ஓடியது. இரண்டாவது மேசையில் வேகம் குறைந்தது. மூன்றாவது மேசையின் வளைவில் நின்றே போனது. 10 மணிக்கு மற்ற வகுப்புகள் பார்க்க வரவிருந்தன.

“மோட்டார் போயிடுச்சு சார்” என்றான் ஒரு மாணவன். இஞ்சினை எடுத்து முதல் மேசையில் வைத்தோம், ஓடியது. ஆகவே மோட்டாரில் குறையில்லை. மல்டிமீட்டரை எடுத்து, இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளந்தோம். முதல் மேசையில் 8 வோல்ட். மூன்றாவது மேசையிலும் 8 வோல்ட்! அப்படியானால் ரயில் ஏன் நின்றது?

விடையைப் பார்ப்பதற்கு முன், பாதையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

துண்டு துண்டாக ஒரு பாதை

குறிப்பிட்ட நீளத்தில் நேர்த்துண்டுகள், குறிப்பிட்ட கோணத்தில் வளைவுத் துண்டுகள்; அவற்றைச் சேர்க்கச் சிறு உலோக இணைப்பான்கள். இதுதான் துண்டுத் தண்டவாளம். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் இத்தகைய பாதையைக் காட்சிக்கு வைத்தது. இன்று ஜப்பானின் கேட்டோ போன்ற நிறுவனங்கள் ஜல்லிக்கல் போன்ற பிளாஸ்டிக் அடித்தளத்துடன் இவற்றைச் செய்கின்றன. ஆணி அடிக்காமல் மேசைமீது அப்படியே வைக்கலாம். சிறிய வகையான ‘என்’ அளவில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 9 மில்லிமீட்டர் மட்டுமே.

நிரந்தரப் பாதையில் இணைப்புகளைப் பற்றவைத்துவிடலாம். ஒரு நாள் பாதையில் அது முடியாது. எங்கள் பாதையில் 44 துண்டுகள். ஆகவே 44 இடங்களில் இணைப்பு. தற்காலிகப் பாதையின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த இணைப்புகளில்தான் தொடங்குகின்றன.

ஓம் விதி சொன்ன விடை

ரயிலை மூன்றாவது மேசையிலேயே வைத்து மீண்டும் அளக்கச் சொன்னேன். இப்போது மல்டிமீட்டர் காட்டியது 4 வோல்ட்!

மின்னழுத்த இழப்பு என்பது மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கிக் கிடைப்பது. ரயில் இல்லாதபோது பாதையில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை. எந்தத் தடையைச் சுழியத்தால் பெருக்கினாலும் விடை சுழியம்தான். அதனால் எங்கு அளந்தாலும் 8 வோல்ட். ரயில் மின்னோட்டத்தை எடுக்கத் தொடங்கியதும் இழப்பு வெளிப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஓர் இணைப்பின் தடை 0.1 ஓம், ரயில் எடுக்கும் மின்னோட்டம் 0.3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் 20 இணைப்புகளைத் தாண்டிப் போனால், இரு தண்டவாளங்களுக்கும் சேர்த்து 40 இணைப்புகள், தடை 4 ஓம், இழப்பு 1.2 வோல்ட். அவற்றில் ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் இழப்பு இன்னும் கூடும்.

இதற்குத் தீர்வு எளிது. மேசைகளுக்கு அடியில் தடித்த இரட்டைச் செம்புக் கம்பியை ஓடவிட்டு, ஒவ்வொரு மேசையிலும் பாதைக்கு ஓர் இணைப்புக் கொடுக்க வேண்டும். அப்போது மின்சாரம் நான்கைந்து இணைப்புகளைத் தாண்டினால் போதும். நான்கு என்றால் இழப்பு 0.24 வோல்ட்தான். ஒன்றில் கவனம் தேவை: சிவப்புக் கம்பி எல்லா மேசைகளிலும் ஒரே பக்கத் தண்டவாளத்தில் சேர வேண்டும். மாறினால் குறுக்குச் சுற்று ஏற்படும்.

மேசையின் இடுக்கு

எங்களுக்கு இன்னொரு பிழையும் இருந்தது. இரண்டாவது மேசையும் மூன்றாவது மேசையும் சேரும் இடுக்கின் மேலேயே ஓர் இணைப்பு அமைந்திருந்தது. யாரோ மேசையில் சாய்ந்ததும் அது மயிரிழை விலகிவிட்டது. ஆகவே இடுக்கின் மேல் நீளமான துண்டின் நடுப்பகுதி வரட்டும். மேசைக் கால்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுங்கள். உயரம் வேறுபட்டால் கால்களுக்கு அடியில் அட்டை வையுங்கள்; தண்டவாளத்தை வளைத்துச் சரிசெய்யாதீர்கள். இந்த அளவு ரயிலின் சக்கர விளிம்பு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆழம்தான். சிறு படி இருந்தாலும் தடம் புரளும்.

கணக்கு மூடவேண்டும்

பாதை ஒரு சுற்று வந்து தொடங்கிய இடத்திலேயே சேர வேண்டும். கேட்டோவின் பொதுவான வளைவுத் துண்டு 45 பாகை. எட்டு சேர்ந்தால் 360. நேர்த்துண்டுகள் 62, 124, 186, 248 மில்லிமீட்டர். எல்லாமே 62இன் மடங்குகள். போகும் பக்கத்தில் ஒரு 248 வைத்தால், வரும் பக்கத்தில் 186உம் 62உம் வைக்கலாம். கூட்டுத்தொகை சமமாகாதபோது மாணவர்கள் அழுத்திப் பொருத்திவிடுகிறார்கள். அந்த இழுவிசை ஏதாவது ஓர் இணைப்பை மெல்லப் பிரித்துவிடும். அழுத்துவதற்குப் பதில், 78 முதல் 108 மில்லிமீட்டர் வரை நீண்டு சுருங்கும் துண்டு ஒன்றைச் சேர்க்கலாம்.

2 மில்லிமீட்டர் யோசனை

ஜப்பானில் தோன்றி இன்று பல நாடுகளில் பரவியிருக்கும் ‘டி-டிராக்’ முறை இதே சிக்கலை அழகாகத் தீர்க்கிறது. ஆளுக்கொரு சிறு மரப்பெட்டி செய்து வருகிறார்கள். மேசைமேல் அடுத்தடுத்து வைத்தால் பாதை தயார். பெட்டியின் நீளம் 308 மில்லிமீட்டர். அதன்மேல் உள்ள பாதை 248உம் 62உம் சேர்ந்து 310. பாதை இருபுறமும் 1 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் பெட்டிகள் ஒன்றையொன்று முட்டுவதற்கு முன்பே தண்டவாளங்கள் இறுக்கமாகச் சேர்ந்துவிடுகின்றன. பெட்டிக்கு அடியில் திருகும் போல்ட்டுகள் உயரத்தைச் சமன் செய்கின்றன.

பிரிக்கும்போதும் கவனம் வேண்டும். துண்டுகளை நேராக இழுத்துப் பிரியுங்கள். மேல்நோக்கி மடக்கினால் இணைப்பானின் பிடி தளரும். அடுத்த முறை அங்கேதான் ரயில் நிற்கும். தளர்ந்தவற்றை மாற்றிவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில், மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வைப்பது நல்லது.

அன்று விலகிய இணைப்பைச் சேர்த்து, மூன்று மேசைகளுக்கும் கம்பி கொடுத்து முடித்தபோது மணி 10.20. இருபது நிமிடம் தாமதம்தான். ஆனால் வந்த வகுப்புகளுக்கு என் மாணவர்கள் ரயிலை மட்டும் காட்டவில்லை. ரயிலோடு ஒருமுறை, ரயில் இல்லாமல் ஒருமுறை மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார்கள். ஓம் விதியை நான் கரும்பலகையில் இவ்வளவு தெளிவாக ஒருபோதும் நடத்தியதில்லை.