ஒதுக்கீடு எவர் வரை எட்டியது?

பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர்பெற்ற திண்டுக்கல் நகரின் வளத்துக்குப் பல தலைமுறைகளாக ஆதாரமாய் நின்ற தொழில்களுள் தோல் பதனிடுதலும் ஒன்று. ஊரார் தோல் ஷாப்பு என்று சொல்லும் அந்தக் கூடங்களில், சுண்ணாம்பு நீர்த் தொட்டியில் ஊறிக் கனத்த தோல்களைப் புரட்டி வெளியே இழுத்து, ஒட்டியிருக்கும் மயிரையும் சவ்வையும் வளைந்த கத்தியால் சுரண்டி எடுக்கிற வேலையையும், விடியுமுன் தெருவைக் கூட்டிச் சாக்கடை வாருகிற வேலையையும் பெரும்பாலும் எவர் செய்துவந்தார்கள் என்று விசாரித்தால், அருந்ததியர் முதலான பட்டியல் சாதியினரின் குடியிருப்புகளுக்கே விடை நம்மை அழைத்துச் செல்லும். அந்த வேலைகளுக்கு எவரும் மதிப்பெண் பட்டியல் கேட்டதில்லை. பிறப்பே போதுமான யோக்கியதையாகக் கொள்ளப்பட்டது. கல்வியிலும் உத்தியோகத்திலும் இட ஒதுக்கீடு நியாயந்தானா என்னும் சர்ச்சையை இந்த இடத்தில் நின்று பார்ப்பதே முறை. சாதி பார்த்து வேலை கொடுக்கும் வழக்கம் இட ஒதுக்கீட்டோடு பிறந்ததன்று, அந்த வழக்கத்தைத் திருத்துவதற்கென்றே இட ஒதுக்கீடு பிறந்தது.

நீதிக் கட்சிக் காலத்தில் அரும்பிய வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம், அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் 1920களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் உறுதிபெற்றபோது, 12 உத்தியோகங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்குமாக 2 என்று பகிர்ந்தபின் தாழ்த்தப்பட்டோருக்குக் கிடைத்தது 1. இருபது ஆண்டுகள் கழித்து, 1947-ல் அந்த முறை 14 இடங்களாகத் திருத்தப்பட்டபோது, தாழ்த்தப்பட்டோரின் பங்கு இரண்டாயிற்று. பிராமணரல்லாதார் என்னும் பெருந்தொகுதிக்குள் பின்தங்கி நின்ற இந்துக்களுக்கென்று 2 இடங்கள் தனியே பிரிக்கவும் பட்டன. முன்னேறியவர்களும் பின்தங்கியவர்களும் ஒரே பெயரின் கீழ் நின்றால் முன்னேறியவர்களே பங்கை எடுத்துக்கொள்வார்கள் என்ற உண்மையை நம் நிர்வாகம் அப்பொழுதே உணர்ந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த ஏற்பாடு அரசியலமைப்புக்கு முரணானது என்று, செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் 1951-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அவ்வாண்டிலேயே அரசியலமைப்பு முதல்முறையாகத் திருத்தப்பட்டு, 15-ஆம் பிரிவில் 4-ஆம் உட்பிரிவு சேர்ந்தது. அன்று தொடங்கி, ஏறிவந்த ஒதுக்கீடு 69 சதவீதத்தில் நிலைகொண்டது. மண்டல் வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம் 50 சதவீத வரம்பை வலியுறுத்தியபின், 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமும் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையின் மூலமும் அது காக்கப்பட்டு வருகிறது.

நூறு இடங்கள் எப்படி நிரப்பப்படுகின்றன என்பதைச் சற்று அருகில் சென்று பார்த்தால், வீதிச் சர்ச்சைகளில் உலவும் தவறான அபிப்பிராயங்கள் பல தாமாகவே நீங்கும். முதலில் நிரப்பப்படுபவை 31 பொது இடங்கள். அவை எந்தச் சாதிக்கும் உரியவை அல்ல, மதிப்பெண் ஒன்றுக்கே உரியவை. துப்புரவுப் பணியாளரின் மகள் அந்த மதிப்பெண்ணை எட்டினால் பொது இடத்திலேயே அமர்வாள். அவளுடைய இடம் அவளது வகுப்பின் கணக்கில் கழிக்கப்படுவதில்லை. அதன்பின் பிற்படுத்தப்பட்டோருக்கு 30, அதற்குள் முஸ்லிம்களுக்கு மூன்றரை, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18, அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. திறமைக்கு இடமில்லை என்று வருந்துவோர், ஒவ்வொரு பங்குக்குள்ளும் மதிப்பெண்ணே வரிசையைத் தீர்மானிக்கிறது என்பதையும், நகரத்துப் பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணில் அந்தப் பணத்துக்கும் ஒரு பங்குண்டு என்பதையும் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டவர்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020-ல் அளிக்கப்பட்ட 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டின் நியாயமும் இதுவே. 2022-ல் திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின், அந்த நியாயத்தின் பயனை இவ்வட்டாரம் கண்ணெதிரே காண்கிறது.

அப்படியானால் சாதியை விட்டு வருமானத்தையே அளவுகோலாகக் கொள்ளலாகாதா என்று கேட்போருக்கு நம் சரித்திரத்திலேயே விடை இருக்கிறது. எம்.ஜி.ஆர். அரசு 1979-ல், ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேற்பட்ட பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு ஒதுக்கீடு இல்லை என்று ஆணையிட்டது. 1973 இடைத்தேர்தலில் அவருடைய கட்சிக்கு முதல் வெற்றியைத் தேடித்தந்த திண்டுக்கல் தொகுதியே, 1980 மக்களவைத் தேர்தலில் அக்கட்சியைக் கைவிட்டது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். எனினும் மாநிலமெங்கும் இரண்டே இடங்களில் வென்ற அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றதோடு, பிற்படுத்தப்பட்டோரின் பங்கை 31-லிருந்து 50 சதவீதமாக உயர்த்தவும் செய்தது. கையில் பணம் சேர்ந்தாலும் சாதி இழிவு விலகுவதில்லை என்பதை மக்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

ஆயினும் பின்தங்கியோருக்குள் பின்தங்கியோர் என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை. 1989-ல் அந்த 50 சதவீதத்திலிருந்தே மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 பிரிக்கப்பட்டது. நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் அறிக்கையின்மேல் 2009-ல் இயற்றப்பட்ட சட்டம், அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் என்னும் ஏழு பிரிவினருக்குப் பட்டியல் சாதியினரின் 18-க்குள் 3 சதவீதத்தை முன்னுரிமையாக வழங்கியது. பட்டியல் சாதிகளை இவ்வாறு பிரிப்பது செல்லும் என்று 2024 ஆகஸ்ட் முதல் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளுள் அறுவர் தீர்ப்பளித்தனர். முன்னுரிமையோடு மிச்சமுள்ள இடங்களிலும் அருந்ததியர் போட்டியிடலாம் என்பதாலும், ஒன்றிரண்டு பணியிடங்களே வரும்பொழுது அந்த முன்னுரிமை மற்றவருக்கு ஒன்றுமில்லாமல் செய்துவிடக்கூடும் என்பதாலும், ஏனைய பட்டியல் சாதியினர் எழுப்பும் ஆட்சேபத்தை அலட்சியம் செய்வது தர்மமாகாது. ஆனால் அதற்குப் பரிகாரம் கடைசியில் நிற்பவரின் மூன்றைப் பறிப்பதன்று. 2011 கணக்கெடுப்பின்படி மாநில ஜனத்தொகையில் 20 சதவீதமாக உள்ள மக்களுக்கு 18-ஐ மட்டும் வைத்திருக்கும் குறையைத் தீர்ப்பதே.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் சேர்க்கைக்கு இனத்தைக் கருதுவதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-ல் ஒரே தீர்ப்பால் நிறுத்திவிட்டது. நம் ஒதுக்கீட்டுக்கோ அரசியலமைப்பின் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் சட்டம் பறிக்காததை ஒப்பந்த முறை ஓசையின்றிப் பறித்துவிடும். நிரந்தர உத்தியோகங்கள் ஒப்பந்ததாரர் கைக்கு மாறும்போது, பங்கு இருக்கும், பங்கிடப் பொருள் இராது. திண்டுக்கல்லைச் சூழ்ந்த வேடசந்தூர், வடமதுரைப் பகுதி மில்களிலும் ஆடை ஆலைகளிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் உழைக்கிறார்கள். அங்கே ஒதுக்கீட்டுக்கு இடமே இல்லை. ஆலையொன்றில் வேலைபார்த்த தலித் பெண் கொலையுண்டபின், பெண் தொழிலாளர்கள் முன்னின்று நடத்திய தொழிற்சங்கம் போராடி 2022-ல் பெற்ற உடன்பாடு, பாலியல் கொடுமைக்கும் சாதிப் பாகுபாட்டுக்கும் எதிரான காப்பாக, உலகத் தொழிலாளர் வட்டாரங்களில் இவ்வூரின் பெயராலேயே திண்டுக்கல் ஒப்பந்தம் என்று பேசப்படுகிறது. தனியார் துறையில் சமூக நீதி அசாத்தியம் என்போருக்கு அது தக்க மறுமொழி.

ஆகவே, நாடு எதிர்நோக்கியிருக்கும் சாதிவாரிக் கணக்கெடுப்பு தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடாமல், எந்த உட்பிரிவினர் எந்தப் பதவியில் எத்தனை பேர் என்ற விவரத்தையும் அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். காலியிடங்களை நிரந்தரப் பணியாளரைக் கொண்டு நிரப்ப வேண்டும். அரசுப் பள்ளியைப் பேண வேண்டும். தோல் தொட்டியிலும் சாக்கடையிலும் இறங்கியவரின் பேரப்பிள்ளை ஆசிரியராகவும் மருத்துவராகவும் தாசில்தாராகவும் அமர்வது எவரோ இடும் பிச்சையன்று, நெடுங்காலம் தராமல் வைத்திருந்த பாக்கி. அதைக் கடைசி வீடு வரை தீர்த்துவிட்டோமா என்று கேட்காத ஒதுக்கீட்டு விவாதம், எந்தத் தரப்பிலிருந்து எழுந்தாலும், பாதி விவாதமே.