பொன்வண்டு ஏன் மின்னுகிறது?

தாம்பரம், வண்டலூர் பக்கம் மழைக்காலத்தில் பொன்வண்டு பிடித்து, தீப்பெட்டியில் வேலமர இலை போட்டு வளர்த்தவர்கள் பலர். செத்த பிறகும் அதன் பச்சை மங்குவதில்லையே, ஏன்?

அது சாயமில்லை. மேலோட்டில் மிக மெல்லிய படலங்கள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியில் பச்சை அலைகள் ஒன்றுசேர்ந்து வலுக்கின்றன, மற்றவை அடங்குகின்றன. சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறுவதும் இதனால்தான். படலம் குலையாதவரை மினுமினுப்பு போகாது.

அறிவியல் பெயர் எப்படி வந்தது?

நம் நாட்டுப் பொன்வண்டு இனம் ஒன்றுக்கு 1758இல் ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் ‘ஸ்டெர்னிகார்னிஸ்’ என்று பெயரிட்டார். ‘மார்புக்கொம்பு’ என்பது பொருள்.

பொன்வண்டின் புழு மண்ணுக்குள் வேர் தின்று வளர்கிறது. எல்லா இடத்தையும் சிமெண்டால் மூடிவிட்டால் வண்டு எங்கிருந்து வரும்? வேலமரத்தோடு கொஞ்சம் வெறும் மண்ணையும் விட்டுவைப்போம்.